'அனைவருக்கும்' என்ற பட்டன்

புக்கிட் பெலண்டோக் சாலையில் இன்று காலை கார் கண்ணாடியை ஏற்றிவிட்டிருந்தும் களைக்கொல்லி நாற்றம் உள்ளே வந்துவிட்டது. உன் சட்டையில் எப்போதும் இருந்த நாற்றம். செம்பனை வரிசைக்குள் யாரோ முதுகில் மருந்துப் பம்பைச் சுமந்து போனார்கள். நீ இல்லை என்று தெரிந்தும் காரை மெதுவாக்கினேன்.

நாம் ஒரே தோட்ட லயத்துப் பிள்ளைகள். நீ மருந்தடிக்கும் கூட்டத்தை மேற்பார்க்கும் மண்டோர் ஆனாய். நான் அம்பாங்கான் டவுனில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். தோட்ட நிர்வாகம் எங்கள் கம்பெனியிடம் ஒரு செயலி கேட்டது. மருந்தடிக்கிற ஒவ்வொருவருக்கும் மாஸ்க் கொடுத்ததைப் பதிய வேண்டும் என்பது சட்டம். ஒவ்வொரு பெயருக்கும் 'மாஸ்க் கொடுத்தாயிற்றா?' என்று ஒரு கேள்வி வைத்தேன். காலைப் பெரட்டில், பேர் கூப்பிடும் நேரத்தில், நீ போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாய்.

"நாப்பது பேருக்கு நாப்பது தடவ அமுக்கணுமாடா? வெயில் வந்துரும் லா. பெரட்டு புக்குல மேலேருந்து கீழ ஒரே கோடுதான் இழுப்போம். அந்த மாதிரி ஒண்ணு போட்டுக் குடு."

அந்தக் கோடு எனக்கும் தெரியும். என் அம்மாவின் பெயர் மீதும் அது ஓடியிருக்கிறது. 'அனைவருக்கும்' என்று ஒரு பட்டன் வைத்தேன். சோதனைக்கு வந்த அதிகாரிகள் திரை முழுக்கப் பச்சையைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

ஒரு நாள் ஸ்டோரில் மாஸ்க் இல்லை. நீ கேட்டாய். "நாளைக்கு வரும், வேலையப் பாரு" என்றார் ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி. பழக்கத்தில் பட்டனை அமுக்கினாய். மத்தியானம் மாரியாயி அக்கா வாந்தி எடுத்துப் பனையடியில் விழுந்தார். பிழைத்துக்கொண்டார். விசாரணையில் நிர்வாகம் என் செயலியைத்தான் திறந்து காட்டியது. மாஸ்க் கொடுக்கப்பட்டது, கொடுத்தவர் நீ. மாஸ்க் வாங்கிவைக்காதவன் பெயர் எங்கும் இல்லை. அதைக் கேட்க நான் ஓர் இடமே வைக்கவில்லை. வேலை போனது உனக்கு.

"நான் பொய் சொன்னேன்னு உன் சிஸ்டம் சொல்லுதுடா" என்றாய், லுக்குட் சாப்பாட்டுக் கடையில். சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். நான் டீயை ஆற்றிக்கொண்டிருந்தேன். மன்னிப்புக் கேட்க நாள் இருக்கிறது என்று நினைத்தேன். மூன்று மாதத்தில், பார்சல் வேலைக்குப் போன உன் மோட்டார் சைக்கிளை லாரி இடித்தது.

பட்டனை எடுத்துவிட்டேன். 'ஸ்டோரில் இல்லை' என்று மண்டோர் அமுக்கினால் அன்று மருந்தடிப்பு கிடையாது. மேனேஜர் பெயரில் பதிவாகும். தோட்ட நிர்வாகத்தார் பழைய பட்டனைத் திரும்பக் கேட்கிறார்கள். எங்கள் கம்பெனி மீட்டிங்கில் ஏழு பேர். முடியாது என்கிறவன் நான் மட்டும். முன்பெல்லாம் வெளியே வந்ததும் உனக்குப் போன் போடுவேன். என்னையும் சேர்த்துத் திட்டுவாய். இப்போது படிக்கட்டில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே போகிறேன்.

உன் பதிவை அழிக்க முடியவில்லை. யாரும் அழிக்க முடியாதபடி சட்டத்துக்காகக் கட்டியதே நான்தான். கீழே குறிப்பு மட்டும் சேர்க்கலாம். இன்று எழுதிவிட்டேன்: "அன்று ஸ்டோரில் மாஸ்க் இல்லை. மண்டோர் கேட்டார், நிர்வாகம் கொடுக்கவில்லை. ஒரே பட்டனில் எல்லோரையும் பதிய வழி செய்தவன் நான்." அதன் அடியில் என் பெயர்.

நாளை பார்ப்பார்கள். என்னை வேண்டுமானால் அனுப்பிவிடலாம். அந்த மூன்று வரியை அவர்களால் எடுக்க முடியாது.