இன்னொரு காது

சங்கரன்கோவில்
17.1.2025

அன்புள்ள கணேசு,

பொங்கலுக்கு உன்னை வந்து பார்க்காத அக்கா எழுதுகிறேன். கோபமிருந்தால் திட்டிவிட்டு மேலே படி. மாத்திரையெல்லாம் நேரத்துக்குப் போடுகிறாயா? காதில் கேட்கும் குரல்கள் அடங்கிவிட்டன, இப்போது தையல் பிரிவுக்குப் போகிறாய் என்று டாக்டர் சொன்னார். கேட்டதும் அழுதுவிட்டேன்.

நிரஞ்சனாவுக்குத் தை இருபத்தெட்டில் காது குத்துகிறோம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். எனக்கு இருப்பது நீ ஒருவன். ஒரு நாள் அனுப்பி வைப்பதாக டாக்டரும் சொன்னார். ஆனால் நீ வர வேண்டாம் கணேசு. புளியங்குடியில் என் மாமியார் வீட்டில், நீ மஸ்கட்டில் வேலை பார்ப்பதாகச் சொல்லி வைத்திருக்கிறேன். மறுவாழ்வு இல்லத்தில் இருக்கிறாய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நம் சித்தி மகன் பாண்டியராஜன் உன் இடத்தில் உட்காருவான்.

இன்னும் ஒன்று. விசேஷத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை புளியங்குடி அத்தை உன்னோடு போனில் பேச ஆசைப்படுகிறார்கள். மஸ்கட்டில் லீவு கிடைக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு. இதையெல்லாம் உன்னிடம் நேரில் சொல்லத் தைரியமில்லாமல்தான் கடிதம் எழுதுகிறேன்.

உன் அக்கா
வித்யா


திருநெல்வேலி
25.1.2025

அக்காவுக்கு,

நன்றாகச் சாப்பிடுகிறேன். சாம்பாரில் மட்டும் உப்பு போட மறந்துவிடுகிறார்கள்.

நான் வரவில்லை. உன் வீட்டில் உனக்குக் குறை வரக்கூடாது. ஆனால் அந்தப் போன் வேண்டாம் அக்கா. இல்லாத குரலையெல்லாம் நிஜம் என்று நம்பித்தான் நான் இங்கே வந்தேன். எது நிஜம், எது இல்லை என்று தினமும் காலையில் எங்களை உட்கார வைத்துச் சொல்லச் சொல்கிறார்கள். இப்போதுதான் கொஞ்சம் பிடிபடுகிறது. மஸ்கட்டில் இருக்கிறேன் என்று சொல்ல ஆரம்பித்தால், ஒருநாள் நானே அதை நம்பிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

பிள்ளைக்குப் பட்டுப்பாவாடையும் சட்டையும் தைத்து அனுப்பியிருக்கிறேன். சட்டைக்குப் பின்னால் வைக்க வேண்டிய கொக்கியை முன்னால் வைத்துவிட்டேன். தையல் சொல்லித்தரும் ஷமீரா டீச்சர் சிரித்துவிட்டுப் பிரித்துத் தைக்கச் சொன்னார்கள். தாய்மாமன் சீர் என்று சொல்ல வேண்டாம். உடுத்திவிட்டால் போதும்.

தம்பி
சிவகணேஷ்


சங்கரன்கோவில்
11.2.2025

என் கணேசு,

நேற்று நடந்ததை நீ என் வாயால்தான் கேட்க வேண்டும்.

போன் வேண்டாம் என்று நீ எழுதிய பிறகும் நான் திருந்தவில்லை. உனக்கு வேலை அதிகம் என்று அத்தையிடம் இன்னொரு பொய் சொன்னேன். கோயிலில் பிள்ளைக்கு உன் பாவாடையைத்தான் உடுத்தினேன். அத்தை கரையைத் தடவிப் பார்த்து, “மஸ்கட்டுத் துணின்னா மஸ்கட்டுத் துணிதான்” என்று எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார்கள். நீ ஒவ்வொரு தையலாகப் போட்டதை மஸ்கட்டில் வாங்கியதாக நினைக்க விட்டுவிட்டு நான் சிரித்துக்கொண்டு நின்றேன். பாவி நான்.

பாண்டியராஜன் மடியில் ஆசாரி வலது காதைக் குத்தினார். பிள்ளை என்னைப் பார்த்துக் கதறினாள். அடுத்த காதுக்கு அவர் ஊசியை எடுத்ததும் கையைப் பிடித்து நிறுத்திவிட்டேன். “ஏட்டி, கிறுக்கு பிடிச்சிருக்கா ஒனக்கு? ஒத்தக் காதோட பிள்ளைய எவளாவது தூக்கிட்டுப் போவாளா?” என்று அத்தை சத்தம் போட்டார்கள்.

கிறுக்கு என்ற அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்துதானே உன்னை மஸ்கட்டுக்கு அனுப்பினேன். அது என் மேலேயே விழுந்ததும் பயம் போய்விட்டது. “என் தம்பி மஸ்கட்டுல இல்ல அத்தை. அவனுக்கு மனசுக்கு முடியல, திருநெல்வேலியில வைத்தியத்துல இருக்கான். இந்தப் பாவாடை அவன் தச்சது. இன்னொரு காது அவன் மடியிலதான்” என்றேன்.

அத்தை சாப்பிடாமலே புளியங்குடி பஸ் ஏறிவிட்டார்கள். உன் அத்தான் இதுவரை என்னோடு பேசவில்லை. பேசும்போது பேசட்டும்.

அடுத்த வெள்ளிக்கிழமை உன்னைக் கூப்பிட நானே வருகிறேன். டாக்டரிடம் கேட்டுவிட்டேன், ஆசாரியிடமும் சொல்லிவிட்டேன். வர மனமில்லை என்றால் அதையும் நிஜமாகவே சொல். கோபம் தீரும்வரை காத்திருக்கிறேன்.

தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாம் இன்னொரு தோடு எங்கே என்று கேட்கிறார்கள். அவள் மாமா வரணும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அக்கா
வித்யா