புல்தரையில் டிரவுட் பிடிப்பது எப்படி

ஷார்ஜா,
13.5.2006

அன்புள்ள அன்பரசனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் சுகம், வெயில் மட்டும் இப்போதே ஜூலை மாதம் போல அடிக்கிறது. அந்த ஸ்காட்லாந்துக் குளிரில் சளி, இருமல் எதுவும் அண்டாமல் நீ வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது நினைத்துக்கொள்கிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் நீ பேசும்போதெல்லாம் உன் அப்பா ரிசீவரின் மறுபக்கம் காதை ஒட்டிக்கொண்டு நிற்கிறார், பாதியில் கார்டும் தீர்ந்துவிடுகிறது. அதனால்தான் கடிதம்.

நீ கேட்ட காரியத்தை முடித்துவிட்டேன். இந்த மாதக் கடைசிச் சனிக்கிழமை ஒரு நண்பரின் அப்பா உன்னை ஆற்றுக்கு டிரவுட் மீன் பிடிக்கக் கூட்டிப்போகிறார், அவர் முன்னால் அசிங்கப்படக் கூடாது, உன் ஆபீஸ் மேனேஜருக்கு அது தெரியுமே, கேட்டுச் சொல்லம்மா என்றாய். என்னைப் பற்றித் தெரிந்தும் கேட்டாய் பார். துபாய் தேரா ஆபீசில் சேர்ந்த நாளிலிருந்து மேனேஜர் ஸ்ரீனிவாசன் சாரிடம் நான் பேசியதெல்லாம் எஸ் சார், நோ சார், ஃபைல் டேபிளில் இருக்கிறது சார், அவ்வளவுதான். சம்பளம் கூட்டச் சொல்லிக் கேட்டபோதுகூட என்னை நிற்கவைத்தே பேசி அனுப்பினவர் அவர். இப்போது கதவருகே நின்று, என் மகன் டிரவுட் பிடிக்கப் போகிறான் சார் என்று சொன்னதுதான் தாமதம், உட்காருங்கோம்மா உட்காருங்கோ என்று நாற்காலியை அவரே இழுத்துப் போட்டு, டீயும் வரவழைத்துவிட்டார். அடுத்தவர் வயிற்றுப்பாட்டைக் கேட்கத் திறக்காத காது மீன் என்றதும் எப்படித் திறந்துகொள்கிறது என்று பார்த்துக்கொண்டே டீயைக் குடித்தேன். இது மீன் பிடிக்கறது இல்லம்மா, தியானம் என்றார். வெள்ளிக்கிழமை காலையில் மம்சார் பார்க்கில் பழகுவேன், உங்க ஆத்துக்காரரோட வாங்கோ, காட்டறேன் என்றார்.

நேற்றுப் போனோம். கடல் பக்கத்திலேயே கிடக்கிறது, இவர் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு புல்தரை நடுவில் நிற்கிறார். தலையில் தொப்பி, கறுப்புக் கண்ணாடி, பத்துப் பன்னிரண்டு பாக்கெட் வைத்த சட்டை. நீளக் கம்பு, அதில் மஞ்சள் நூல், நூல் நுனியில் முள்ளுக்குப் பதில் ஒரு துண்டு கம்பளி. அதைத் தலைக்கு மேலே பின்னும் முன்னுமாக வீசிக்கொண்டிருக்கிறார். புல்லுக்குத் தண்ணீர் விடுகிற நம்மூர்ப் பக்கத்து ஆள் ஒருவர், சோலைமுத்து என்று பெயர், ஓஸ் பைப்பைக் கையில் வைத்துக்கொண்டு வாயைப் பிளந்து பார்த்துவிட்டு என்னிடம் வந்து, என்னக்கா, சாரு தண்ணியில்லாத எடத்துல மீன் புடிக்கிறாரு, பாவம், நான் வேணும்னா இந்தப் பைப்பக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பி விடவா என்று கேட்டார். சார் காதில் விழுந்துவிட்டது. இது பிராக்டிஸ்ப்பா என்றார். அதுக்கில்ல சார், இங்க மீனு மாஃபி, ஒண்ணுகூட கெடையாது, வீணா கை வலிக்குமேன்னு சொன்னேன் என்று சோலைமுத்து பைப்பை இழுத்துக்கொண்டு போய்விட்டார். உன் அப்பா சிரித்த சிரிப்புக்குக் கிரிக்கெட் ஆடிய பையன்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். போதாததற்கு, ஏ சரசு, இறால் வாங்க வக்கில்லாத பயலுவ கோழி முடியைக் கெட்டி மீனை ஏமாத்துதானுவ, இதுக்கு ஒரு தொப்பி வேறயா என்று நெல்லைத் தமிழில் உரக்கச் சொன்னார். கார்னிஷ் கடலோரத்தில் தூண்டிலோடு உட்கார்ந்து ஒரு வெள்ளிக்கிழமையாவது ஒரு கெளுத்திக்கு மேல் கொண்டுவந்திருக்கிறாரா இவர்? பேச்சு மட்டும் திமிங்கலம் பிடித்தவர் பேச்சு.

இனி விஷயத்துக்கு வருகிறேன், கவனமாகப் படி. சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் கனம் நூலை இழுத்துக்கொண்டு போகும். இதில் இரைக்குப் பதில் முள்ளில் இறகை ஈ மாதிரி கட்டியிருப்பார்கள், அந்தப் பொய் ஈக்குக் கனமே கிடையாது, நூலுக்குத்தான் கனம். அதனால் நீ வீசுவது ஈயை அல்ல, நூலை. மணிக்கட்டை மடக்காதே, முழங்கையிலிருந்து வீசு. கம்பைத் தலைக்குச் சற்றுப் பின்னால் கொண்டுபோய்ச் சட்டென்று நிறுத்தி, நூல் முதுகுக்குப் பின்னால் முழுவதும் நீளும்வரை பொறுத்திரு, பிறகு முன்னால் கொண்டுவந்து அதேபோல் நிறுத்து. எல்லோரும் அவசரப்பட்டுக் கெடுப்பது இந்தப் பொறுத்திருக்கும் இடத்தில்தானாம். சாரும் அங்கேதான் கெடுத்தார், இதைச் சொல்லிக்கொண்டே வீசியபோது கம்பளி அவர் தொப்பியிலேயே வந்து மாட்டிக்கொண்டது. பலத்தைக் காட்டாதே, பலத்தைக் காட்டினால் நூல் சிக்கும். பின்னால் மரம் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்.

மீன் எப்போதும் தண்ணீர் வரும் திசையைப் பார்த்துத்தான் நிற்கும், அதனால் கீழ்ப்பக்கமிருந்து, அதன் வாலுக்குப் பின்னாலிருந்து போக வேண்டும். உன் நிழல் தண்ணீரில் விழக் கூடாது. கரையில் திம்திம்மென்று நடக்காதே, மீனின் உடம்பில் இரு பக்கமும் ஒரு கோடு ஓடும், அதிர்வை அதில்தான் உணரும். இது சார் சொன்னதல்ல, நான் விலங்கியல் படித்தபோது அறுத்துப் பார்த்தது, இத்தனை வருஷம் இன்வாய்ஸ் டைப் அடித்தும் மறக்கவில்லை. போனவுடன் வீசாமல் அங்கே என்ன பூச்சி பறக்கிறது என்று பார்த்து அதைப்போன்ற ஈயைக் கேட்டு வாங்கிக் கட்டு. ஈ தண்ணீரோடு தானாகப் போக வேண்டும், நூல் அதை இழுத்தால் மீன் கண்டுகொள்ளும். மீன் வாய் வைத்ததும் உன் அப்பா மாதிரி வெடுக்கென்று இழுக்காதே, வாயை மூட விட்டுப் பிறகு கம்பை உயர்த்து.

கடைசி வேடிக்கையைக் கேள். இத்தனை பாடுபட்டுப் பிடித்த மீனைத் திரும்ப விட்டுவிடுவார்களாம். திங்கவா பிடிக்கிறோம் என்று சார் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். பசிக்காதவனுக்கு அதன் வாயில் முள் குத்திப் பார்க்க என்ன ஆசை என்று கேட்க நினைத்தேன், வழக்கம்போல் கேட்கவில்லை. ஆனால் நீ இதை நினைவில் வை. உன் அப்பாவோடு கார்னிஷில் பழகிய பழக்கத்தில் மீனைத் தரையில் அடித்துப் பையில் போட்டுவிடாதே, உன்னைக் கூட்டிப்போகிறவர் மயக்கம் போட்டு விழுந்துவிடுவார். முதலில் கையை நனைத்துக்கொண்டு மெதுவாகப் பிடி, முள்ளை எடுத்து, தலை நீரோட்டத்தைப் பார்க்கும்படி தண்ணீரிலேயே வைத்திரு, அதுவாகப் போகும்.

இப்போது நான் கேட்கிறேன். நண்பரின் அப்பாவுக்காக எந்தப் பையனாவது ஒரே வாரத்தில் மூன்று முறை போன் செய்து, குரல் நடுங்க, அசிங்கப்படக் கூடாதம்மா என்பானா? நான் அதிகம் பேச மாட்டேன், அதற்காகக் காது கேட்காதவள் இல்லை. அந்த நண்பர் ஒரு பெண், அங்கே நடக்கப்போவது மாப்பிள்ளை பார்க்கிற சடங்கு, பஜ்ஜிக்குப் பதில் மீன், அவ்வளவுதான். நல்ல ஊர், நல்ல நாகரிகம். என்னைப் பெண் பார்க்க வந்தபோது உன் அப்பா வழித் தாத்தா இங்கிலீஷ் பேப்பரைக் கையில் கொடுத்து, பட்டதாரியாமே, வாசி என்றார். எங்கள் குடும்பத்தில் முதலில் காலேஜுக்குப் போனவள் நான், முழுப் பத்தியும் எனக்குப் புரிந்தது, ஆனால் இரண்டாவது வரியில் குரல் போய்விட்டது. அப்படியே நின்றேன். கூடம் முழுவதும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. உன் அப்பா மட்டும் ஈ விழுந்துவிட்டதுபோல் காபி டம்ளருக்குள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார், நான் பேப்பரை மடித்து வைக்கும்வரை நிமிரவே இல்லை. அதற்குப் பிறகு இந்த மனிதர் உளறிய எல்லாவற்றையும் நான் பொறுத்துக்கொண்டிருப்பது அந்த ஒன்றுக்காகத்தான்.

அதனால் மீன் மாட்டினாலும் சரி, மாட்டாவிட்டாலும் சரி. எப்படியும் உன் நூல் சிக்கத்தான் போகிறது. அப்போது பெண்ணின் அப்பா முகத்தைப் பார்க்காதே. அந்தப் பெண் எங்கே பார்க்கிறாள் என்று பார். அதை எனக்கு எழுது, அவள் பெயரையும் எழுது.

தாயுமானவர் துணையால் நீ நினைத்தது நடக்கட்டும், நீண்ட ஆயுளோடு இரு. ஆற்றில் இறங்கும்போது உள்ளே கம்பளி பனியன் போட மறக்காதே. உன் அப்பா ஈயக்குண்டும் பெரிய முள்ளும் வாங்கிப் பார்சல் கட்டி வைத்திருக்கிறார், வந்தால் நன்றி சொல்லிவிட்டுக் கட்டிலுக்கு அடியில் போடு.

ஆசிகளுடன்,
உன் அம்மா
வே. சரசு