ஒரு டம்ளர் கொண்டைக்கடலை, 135 கிராம்

எனக்கு முன்னால் இந்த வீட்டுக்கு வாழ வந்த கலா அக்காவுக்கு,

நாம் இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. நீங்கள் போய் மூன்று வருடம் கழித்துத்தான் பொம்மிடிக்கு, உங்கள் வீட்டுக்கு வந்தேன். கூடத்தில் இருக்கும் உங்கள் படத்துக்கு நான்தான் பூ வைக்கிறேன். அப்போதெல்லாம் மனசு சும்மாதான் இருந்தது. பொறாமை வந்தது சமையலறை அலமாரிக் கதவின் உட்பக்கத்தைப் பார்த்து.

போன தை மாதம் நம் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை மறுபடி ஏறிவிட்டது. மத்தியானம் சோற்றைக் குறைத்து, வெந்த பயறோ கடலையோ நூற்றைம்பது கிராம் சாப்பிடச் சொன்னார்கள். அது எத்தனை டம்ளர் என்று ஆஸ்பத்திரியில் கேட்டேன். அங்கிருந்த நர்ஸம்மா பதில் சொல்வதற்குள் இவர் குறுக்கிட்டார்.

"கலாவே எழுதி வெச்சிருக்கா. வூட்ல பாத்துக்கலாம்."

கறுப்பு மார்க்கரில் உங்கள் எழுத்து, அவருக்கு முதன்முதலில் சர்க்கரை வந்தபோது எழுதியதாம். கொண்டைக்கடலை ஒரு டம்ளர் 135, மொச்சை 140, பச்சைப்பயறு 165. அதுவரை ஏதோ பழைய மளிகைச் சீட்டு என்றுதான் நினைத்திருந்தேன். வீட்டில் தராசு இல்லாததால், வெந்த கடலையை டம்ளரோடு மளிகைக் கடைக்குத் தூக்கிப்போய் நீங்கள் நிறுத்த கதையைச் சொல்லி அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை இரண்டு வருடத்தில் நான் ஒருநாளும் பார்த்ததில்லை. அவருடைய நோய்கூட உங்களுக்குத்தானே முதலில் தெரிந்திருக்கிறது?

மறுவாரமே தர்மபுரியில் ஒரு சின்ன எலக்ட்ரானிக் தராசு வாங்கினேன். வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் துணியில் பெயிண்ட் தின்னரைத் தொட்டு உங்கள் எழுத்தை அழித்தேன். வெந்த பச்சைப்பயறைத் தண்ணீரோடு டம்ளரில் ஊற்றி நிறுத்தேன். டம்ளர் எடை போக இருநூறு. அப்படியானால் முக்கால் டம்ளர் நூற்றைம்பது. எல்லாவற்றுக்கும் அதுவே போதும் என்று முடிவு கட்டினேன்.

நான்காம் நாள் கொண்டைக்கடலை. வடித்து, முக்கால் டம்ளர் போட்டுக் கொடுத்தேன். அன்று அவருக்குப் பென்னாகரத்தில் ஒரு வீட்டில் வயரிங் வேலை. மாத்திரையை வழக்கம்போல் போட்டிருக்கிறார். மூன்று மணிக்கு ஏணியில் நிற்கும்போதே சர்க்கரை இறங்கி, வியர்த்து, கை நடுங்கிவிட்டது. அந்த வீட்டுக்காரர்கள் இறக்கி உட்காரவைத்துச் சர்க்கரை கரைத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

இதைக் கேட்டதும் உங்கள் மகள் தேன்மொழி நேராக அலமாரியைத் திறந்தாள். வெறும் கதவைத் தடவிப் பார்த்தாள்.

"தண்ணிய வடிச்சிட்டு நிறுக்கணும் சின்னம்மா. கடலைன்னா நடுவுல சந்து இருக்கும், எடை கம்மியாத்தான் வரும். முக்கா டம்ளர்ல நூறு கிராம்தான் இருக்கும்" என்றாள். பிறகு மெதுவாக, "அது எங்கம்மா கையெழுத்து."

அன்று சாயங்காலம், உங்கள் பட்டியலில் எனக்கு நினைவிருந்த மூன்றையும் ஒவ்வொன்றாக வேகவைத்து, வடித்து நிறுத்தேன். கடலை 135. பயறு 165. மொச்சையில் ஐந்து கிராம் தப்பு என்று ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டேன். திரும்ப நிறுத்தால் அதுவும் சரி. ஒன்றிலாவது நீங்கள் தப்பு பண்ணியிருக்கக் கூடாதா?

அழித்ததை அவரிடம் சொன்னேன். எழுந்து வெளியே போனார். திட்டியிருந்தால் தேவலை. உங்களுக்காக மனசில் எவ்வளவு மிச்சம் வைத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியாமலாவது போயிருக்கும், இல்லையா?

தேன்மொழிக்கு எல்லா எண்ணும் மனப்பாடம். கெஞ்சிக் கேட்டேன், அதே இடத்தில் எழுதிக்கொடுத்தாள். அதற்கப்புறம் பல நாள் என்னிடம் அளந்துதான் பேசினாள்.

போன ஞாயிற்றுக்கிழமை ராஜ்மா வாங்கி வந்து, "இது ஒரு டம்ளர் எவ்ளோ வரும்?" என்று கேட்டாள். உங்கள் பட்டியலில் அது இல்லை. இருவருமாக வேகவைத்து, வடித்து நிறுத்தோம். 145. அவளே மார்க்கரை எடுத்துக் கடைசியில் எழுதினாள். பக்கத்தில் பொடி எழுத்தில், 'சின்னம்மா நிறுத்தது'.

இனி உங்களுடைய எதையும் அழிக்கமாட்டேன். அவர் தட்டில் ஒரு கிராம் குறையவிடமாட்டேன். பொறாமையை மட்டும் விடச் சொல்லாதீர்கள் அக்கா. அந்தக் கடைசி வரியைப் பார்த்து நீங்களும் கொஞ்சம் பொறாமைப்பட்டுக்கொள்ளுங்கள்.

உங்களுக்குப் பின்னால் வந்த தங்கை,
செல்வி