பங்கு அலுவலகக் கணினியில் ஒரு தனிவழி

மே 5, திங்கள்

புழுக்கம். காற்றே இல்லை. முட்டம் பக்கம் மட்டும் கொஞ்சம் மேகம்.

என் லேப்டாப் போயே போய்விட்டது. நாகர்கோவில் கடைக்காரர் திறந்து காட்டினார், உள்ளே எல்லாம் பச்சைப் பூச்சு. "கடக்கரை வீட்டுல தெறந்து வச்சா உப்பு விடுமா? பொட்டிக்குள்ள வச்சு பூட்டணும்" என்றார். பூட்டி வைத்துவிட்டு எதில் வேலை செய்வதாம்.

நெறியாளர் மேடத்திடமிருந்து மெயில். திருத்திய கணக்கீடு வெள்ளிக்குள் வராவிட்டால் என் ஆய்வுப் பதிவு ரத்து. எத்தனையோ முறை அவகாசம் தந்தவர்தான். குறை சொல்ல வாயில்லை. ஆனாலும் எரிச்சல்.

கணக்கீடு கள்ளக்கடல் பற்றியது. காற்றில்லாத நாளில், எங்கோ தெற்கே அடித்த புயலின் அலை நம் கரையில் ஏறி அடிப்பது. அப்படி ஏறிய ஒரு நாளில்தான் அப்பாவின் வள்ளம் மணலில் கிடந்தபடியே உடைந்தது. அப்போது ஊருக்கு அலை அறிவிப்பு எதுவும் வரவில்லை. அப்பா ஐஸ் கம்பெனிக்குப் போனார். நான் ஆய்வுப் படிப்பை நடுவில் விட்டு வந்து டியூஷன் எடுக்கிறேன், பதிவு மட்டும் பல்கலையில் இருக்கிறது. அந்த அலையை எவ்வளவு முன்னால் கண்டுபிடித்திருக்கலாம்? அதுதான் கேள்வி. பதில் தெரியாமல் விடுவதாக இல்லை.

இந்தக் கணக்கைப் போடும் பெரிய கணினி பல்கலையில். வெளியிலிருந்து விபிஎன் வழியாக மட்டும் போகலாம். என் போனில் சிக்னல் ஒரு கோடு, அதுவும் கிணற்றடியில் நின்றால்.

மாலை பங்குக் கோயிலில் ஃபாதரைப் பார்த்தேன். பங்கு அலுவலகக் கணினிக்கு அனுமதி கிடைத்தது. "கெடுக்காம பயன்படுத்தும்மா. அலை அறிவிப்பு அதுலதான் வருது."

மே 6, செவ்வாய்

அதே புழுக்கம். டியூஷன் ரத்து.

பல்கலை தந்த விபிஎன்னை நிறுவப் போனால் அட்மின் பாஸ்வேர்ட் கேட்கிறது. அதை வைத்தவர் முன்பு இந்தக் கணினியைப் பார்த்துக்கொண்ட டைட்டஸ் அண்ணன். இப்போது கப்பலில். வாட்ஸாப்பில் ஒற்றை டிக்.

கோயில் உபதேசியார் மாமா பக்கத்தில் நின்று யோசனை சொன்னார். "அந்தோணியார் பேரப் போட்டுப் பாரு. அவனுக்கு அந்தோணியாருன்னா உயிரு." போடவில்லை. ஊகித்து நுழைவது வேறு, அனுமதியோடு நுழைவது வேறு.

மதியம் வழி கிடைத்தது. நிறுவத் தேவையில்லாத சின்ன நிரல் ஒன்று. என் கணக்கின் ஃபோல்டரில் போட்டு ஓட்டினால் போதும், அட்மின் யாரும் வேண்டாம். கணினியின் வலைப்பின்னலில் கை வைக்காது. உள்ளுக்குள்ளேயே ஒரு கதவு திறந்து வைக்கும். எந்த நிரலை அந்தக் கதவைக் காட்டி அனுப்புகிறோமோ அது மட்டும் விபிஎன் வழியாகப் பல்கலைக்குப் போகும்.

பல்கலை உதவி மையத்துக்கு போன். இப்படிச் செய்யலாமா? "உங்க கணக்கு, உங்க வேலை மட்டும்னா தடையில்ல மேடம்." யாரோ முதன்முதலாக என்னை மேடம் என்றார்.

ஓடியது! பல்கலைப் பக்கம் திறந்தது. பென் டிரைவில் இருந்த பழைய தரவுகளை ஏற்றப் போட்டேன். மெதுவாகத்தான் ஏறுகிறது. கணினியை அணைக்காமல் வீட்டுக்கு வந்தேன். சாளைமீன் புளிமுளக் குழம்பு. இரண்டு தட்டுச் சோறு.

மே 7, புதன்

என் கெட்ட நாள். ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.

பூசை முடிந்ததும் உபதேசியார் ஒலிபெருக்கியில் அலை அறிவிப்பு வாசிப்பது வழக்கம். டைட்டஸ் அண்ணன் எழுதிய நிரல் தினமும் காலையில் அதை இறக்கி அச்சடித்துத் தரும். இன்றும் தாள் வந்தது. "இன்று கடல் சாதாரணம்" என்று வாசித்தார்.

அப்பா ஐஸ் கம்பெனிக்குக் கிளம்பியவர் வாசலில் நின்றார். "எட்டி, நேத்து வாசிச்சதத்தான இன்னும் வாசிக்கான்? சொல்லுக்குச் சொல்லு அதுதான்." சட்டையின் மேல் பட்டன் போடாமலே கோயிலுக்கு ஓடினார். நானும் பின்னால்.

தாளில் நேற்றைய தேதி. புதிய அறிவிப்பு இறங்காவிட்டால் டைட்டஸ் அண்ணனின் நிரல் கடைசியாக வந்ததையே அச்சடிக்கும். உபதேசியார் என்றைக்கும் தேதியைப் பார்ப்பதில்லை. அவர் வாய் தானாகவே "இன்று" என்று தொடங்கும்.

இறங்காததற்குக் காரணம் நான். நேற்று அவசரத்தில், என் ஒரு நிரலுக்குக் கதவைக் காட்டுவதற்குப் பதில், கணினியின் பொது அமைப்பில் காட்டிவிட்டேன். அதற்கு அட்மின் தேவையில்லை என்பதே எனக்குப் பெருமையாக இருந்தது. உள்ளே இருந்த எல்லாமே பல்கலைக்குப் போயிருக்கிறது. பல்கலையோ தன் கணினிகளைத் தவிர வேறு எதற்கும் வழி விடாது. அலை அறிவிப்பும் அங்கேயே முட்டி நின்றுவிட்டது.

அமைப்பை மாற்றியதும் உண்மையான அறிவிப்பு வந்தது. மாலை முதல் கள்ளக்கடல், வள்ளங்களை மேலே ஏற்றவும். எதைப் பற்றி ஆய்வு செய்கிறேனோ அதே எச்சரிக்கையை நானே மறித்திருக்கிறேன்.

உபதேசியார் மறுபடி வாசித்தார். ஊரே கரைக்குப் போய் வள்ளங்களை ரோட்டோரம் இழுத்துப் போட்டது. மாலை தண்ணீர் மணல் முழுக்க ஏறி வந்து திரும்பியது. ஒன்றும் போகவில்லை.

பங்குப் பேரவைத் தலைவர் எங்கள் வீட்டுக்கே வந்தார். "இனி அந்தக் கம்ப்யூட்டரத் தொடாண்டாம், கேட்டியா?"

அப்பா என்னைத் தாங்கிப் பேசவில்லை. தலைவர் போன பிறகு மட்டும், "தப்பு ஒனக்க பக்கம். நாளைக்கி நேரப் போயிப் பறை. பறஞ்சிட்டு, ஒனக்க சோலிய முடிக்கவும் கேளு."

வெட்கம். ஆனால் விடுவதாக இல்லை.

மே 8, வியாழன்

காற்று வந்துவிட்டது. கொடியில் போட்ட துணி பறக்கிறது.

காலையில் நேரே போனேன். ஃபாதர், தலைவர், உபதேசியார் மூவரும் இருந்தார்கள். தப்பு என்னுடையது என்றேன். ஏன் நடந்தது, இனி ஏன் நடக்காது என்று சொன்னேன். தலைவருக்கு நம்பிக்கை இல்லை. உபதேசியார்தான் கேட்டார்.

"ஒனக்க சோலி இப்ப எங்கூடி போவும்?"

"எல்லாரும் ரோட்டு வழியாத்தான் போவாவ மாமா. எனக்க ஒரு ஆளு மட்டும் தோப்புக்குள்ள ஒத்தையடிப் பாதையில போவான்."

"அப்ப நேத்து?"

"நேத்து ஊரையே தோப்புக்குள்ள திருப்பி விட்டுட்டேன்."

தலைவரே சிரித்துவிட்டார். ஒரு நிபந்தனை போட்டார்கள். என் வேலை ஓடும்போதே அலை அறிவிப்பு வர வேண்டும், அவர்கள் கண் முன்னால்.

செய்தது:
பொது அமைப்பு, தொடவில்லை.
எனக்கென்று தனி பிரவுசர் புரொஃபைல், அதற்கு மட்டும் கதவு.
பல்கலைக் கணினிக்குக் கட்டளை அனுப்பும் நிரல், அதற்கும் கதவு.
மற்றதெல்லாம் ரோடு.

உடனே முட்டியது. பல்கலைக் கணினியின் பெயரே தெரியவில்லை என்கிறது. தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். வியர்வை. பிறகு உறைத்தது. ஆள் தோப்புக்குள் போகிறான், ஆனால் முகவரியை ரோட்டில் நிற்பவரிடம் விசாரிக்கிறான். பல்கலைக்கு உள்ளே இருக்கும் பெயர் ரோட்டில் யாருக்குத் தெரியும்? பெயர் விசாரிப்பதும் கதவு வழியே போகட்டும் என்று மாற்றினேன். திறந்தது.

உபதேசியார் அச்சு பட்டனை அமுக்கினார். தாள் வந்தது. கண்ணாடியை எடுத்துப் போட்டு முதலில் தேதியைப் படித்தார், சத்தமாக. "மே எட்டு." பக்கத்துத் திரையில் என் தரவு ஏறிக்கொண்டிருந்தது.

தலைவர் "செய்யி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். கணக்கீட்டை வரிசையில் போட்டேன்.

மே 9, வெள்ளி

தூறல். பூசைக்கு முன்பே அலுவலகம். உபதேசியார் கட்டஞ்சாயா வாங்கி வைத்திருந்தார்.

கணக்கு முடிந்திருந்தது. முதலில் நம்பவில்லை. உள்ளீட்டை மறுபடி சரிபார்த்தேன். சரிதான். வள்ளம் உடைந்த அந்தக் கள்ளக்கடல் கரைக்கு வருவதற்கு இரண்டு நாள் முன்பே தரவில் தெளிவாகத் தெரிகிறது. படம் வரைந்தேன். மேடத்துக்கு அனுப்பினேன்.

சாப்பாட்டு நேரத்துக்குள் பதில். "கிடைத்தது. நன்றாக இருக்கிறது. பதிவு தொடரும். ஆய்வேட்டை எழுதத் தொடங்கு."

அலுவலகக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சந்தோஷம்தான். கொஞ்சம் வேறொன்றும்.

அப்பாவிடம் பதிவு பிழைத்ததை மட்டும் சொன்னேன். இரண்டு நாள் என்பதைச் சொல்ல வாய் வரவில்லை.

மே 10, சனி

வெயில். அப்பாவுக்கு மதியத்துக்கு மேல்தான் வேலை.

சாப்பிட்டு முடித்ததும் படத்தைக் காட்டிச் சொன்னேன். இந்தக் கோடுதான் அலை, அப்பா. இங்கே நம் கரை. இது அதற்கு இரண்டு நாள் முன்பு.

குனிந்து பார்த்தார். விரலைத் தாளில் வைக்கவில்லை, கையில் மீன் வாடை என்று.

"ரெண்டு நாளா?"

"ரெண்டு நாள்."

"அன்னைக்கி யாருக்கும் தெரியாதா?"

"தரவு இருந்துச்சு அப்பா. நம்ம கரைக்குன்னு யாரும் கணக்குப் போடல."

கையைக் கழுவிவிட்டு வந்தார். துண்டால் துடைத்தார். பிறகு, கோபமே இல்லாமல்:

"வள்ளத்த ரோட்டுக்கு ஏத்த ஒரு மணிக்கூறு போதும், மக்கா."

சட்டை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார்.

ஆய்வேட்டின் முதல் அத்தியாயம் இன்றே தொடங்கினேன். முதல் வரி அவர் சொன்னது. மேடம் அந்த வரியை அடித்தால் மறுபடி எழுதுவேன்.