சாவியை ஆணியில் விட்டுட்டுப் போறேன்

ஆர்னால்ட்,

மீன் குழம்பு அடுப்புல இருக்கு, சுட வெச்சுச் சாப்பிடுங்க. என் சாவி ஆணியில தொங்குது. மறந்துட்டுப் போகல, வேணும்னுதான் விட்டுட்டுப் போறேன்.

"வழியில எத்தனை டாய்லெட் இருக்கு, போயிட்டு வரக் கூடாதா?"ன்னு நேத்து வாசல்லயே கத்துனீங்க. தேக்காவுல வேலை பார்க்குற கடையிலேருந்து கிளம்புறப்போ போயிட்டுத்தான் வந்தேன். ரெண்டு ரயில் மாறி புக்கிட் பாத்தோக் ஸ்டேஷன் வர்ற வரைக்கும் ஒண்ணுமில்ல. லிஃப்ட்லயும் இல்ல. பூட்டுல சாவிய வெச்சதும் அடக்க முடியல. எப்பெப்ப அவசரமா வருதுன்னு கிளினிக் நர்ஸ் எழுதச் சொன்ன நோட்டைப் பாருங்க, மூணு நாளா இதே கதைதான். நிறையப் பேருக்கு இப்படி இருக்காம், பழக்கமாம். சாவிச் சத்தத்த மூத்திரப்பைக்கு யார் சொல்லிக் குடுத்தா?

இன்னைக்குச் சாவி இல்லாம வந்து பார்க்கப் போறேன். ஆறரைக்கு வீட்டுல இருங்க. பெல் அடிக்க மாட்டேன், அந்தச் சத்தத்தையும் மூத்திரப்பை கத்துக்கும். நர்ஸ் சொன்னபடி தசைய இறுக்கி, அசையாம நின்னு, அவசரம் அடங்கினதும் உங்க பேரச் சொல்லிக் கூப்பிடுறேன்.

ரோஸ்லின்

நனைஞ்ச மிதியடிய நீங்க துவைச்சுக் காயப் போட்டிருக்கறத இப்பதான் பார்த்தேன். ஒரு வார்த்தை சொல்லலையே.

இன்னொண்ணு: கதவத் திறந்ததும் மன்னிப்பெல்லாம் கேட்டுக்கிட்டு நிக்காதீங்க. முதல்ல வழிய விடுங்க.