பூச்சோடு நின்ற துளை

அன்புள்ள சிட்டுவுக்கு,

அம்மா எழுதுறேன். நீ, மாப்பிள்ளை, குட்டிப்பய மூணு பேரும் நோய்நொடி இல்லாம இருக்கணும். இங்கயும் எல்லாரும் சுகம்னு எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரல. அப்பா பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டார்னு போன்ல சொன்னேன், அவர் பக்கத்துல படுத்திருக்கும்போது வேற என்னத்தச் சொல்ல. அவர் வழுக்கலை. பிடிச்சிருந்த கம்பி சுவரை விட்டுக் கையோட வந்துடுச்சு. தொட்டிலுக்கு மேல நானே துளை போட்டு அலமாரி மாட்டப்போறேன்னு நீ சொன்னியே, அதான் எழுதுறேன், முழுசாப் படி.

வாதம் வந்து கால் இழுத்துக்கிட்ட பிறகு அவர் பிடிச்சு நிக்க ஒரு கைப்பிடிக் கம்பி வேணும்னு சித்தப்பாகிட்ட நான்தான் சொன்னேன். உன் சித்தப்பாதான் தெரியுமே, பல்லு குத்தவே டிரில் மிஷினைத் தேடுற மனுஷன், அன்னிக்கே வந்து மாட்டிட்டார். இழுத்தும் பார்த்தார், நல்லாத்தான் நின்னுது. யானையைக் கட்டினாலும் அசையாதுடான்னு அப்பா தம்பி முதுகுல தட்டிக்கொடுத்தார். கொஞ்ச நாள்தான், ஒரு காலைல முழு பாரத்தையும் போட்டு எழுந்திருச்சார், அவ்வளவுதான். இடுப்பெலும்பு விட்டுப்போச்சு. இருதயம் இருக்கிற நிலைமைல ஆபரேஷன் தாங்காது, படுத்தே இருக்கட்டும், சேர்ந்தா சேரட்டும்னு டாக்டர் சொல்லிட்டார்.

அப்புறம் அந்தத் துளையைப் போய்ப் பார்த்தேன். வெறும் வெள்ளைப் பொடி, செங்கல் சிவப்பு ஒரு பொட்டு கூட இல்ல. சித்தப்பா விட்டுட்டுப்போன, டிரில்ல மாட்டிக் குடையுற பிட்டை எடுத்துக்கிட்டு ஹார்டுவேர் கடைக்குப் போனேன். கடைக்காரம்மா வாங்கிப் பார்த்துட்டு, உறையில மூணரை இன்ச்னு போட்டிருக்கிறது தலையில இருந்து கால் வரைக்கும் உள்ள நீளம்மா, பின்பக்கம் மிஷின் வாய்க்குள்ள போயிடும், குடையுறது முறுக்கு முறுக்கா வரி ஓடுற இடம் மட்டும்தான்னு சொன்னாங்க. அளந்தா அது பாதிகூட இல்ல. நம்ம சுவர்ல பழைய பூச்சு, அதுக்கு மேல புதுப் பூச்சு, அதுக்கும் மேல டைல்ஸ். பிட்டு பூச்சோட நின்னுடுச்சு, செங்கல்லைத் தொடவே இல்ல. அதனால நீ முறுக்குப் பாகத்தை மட்டும் அளந்து வாங்கு, ஆணி போற ஆழத்துக்குக் கொஞ்சம் கூட இருந்தாப் போதும், ரொம்ப நீளமானது ஆடும், ஒடியும், சுவருக்கு அந்தப்பக்கமும் போயிடும். உன் வீட்டுச் சுவர் கல்லா பலகையான்னு முதல்ல கேட்டுக்கோ. பலகைன்னா நடுவுல ஊசி முனை வெச்ச பிட்டு, கல்லுன்னா முனையில பட்டையாக் கெட்டித் துண்டு ஒட்டின பிட்டு, ஒண்ணுக்கு ஒண்ணு ஆகாது. உள்ள கரண்டு வயரோ குழாயோ ஓடுதான்னு பார்க்காம தொடாதே. உன்னால முடியாதுன்னு தோணினா அலமாரியே வேண்டாம், துணியெல்லாம் கீழயே கிடக்கட்டும்.

சித்தப்பா ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வந்தவர்தான், உள்ள வரல, அதுக்கப்புறம் நம்ம வீட்டுப்பக்கமே இல்ல. சரியாச் சாப்பிடுறதில்லைன்னு சித்தி அழுதா. அப்பா அவரை ஒரு வார்த்தை குறை சொல்லலை, யாரையும் எதுவும் சொல்லலை. திட்டினாலாவது எனக்கு நெஞ்சு ஆறும்.

அதனால கம்பி மாட்டுற வேலையை நானே செஞ்சேன். தையல் மிஷினைத் தவிர வேற எதையும் தொடாத கையால சித்தப்பா விட்டுட்டுப்போன டிரில்லைப் பிடிச்சேன். டைல்ஸுக்கு வேல் மாதிரி முனை இருக்கிற பிட்டைப் போட்டு மெதுவாத் திறந்துட்டு, அப்புறம் நீளமானதைப் போட்டேன். கொஞ்ச தூரம் வெள்ளையா வந்துச்சு, அதுக்கப்புறம் சிவப்புப் பொடி கையெல்லாம் கொட்டுச்சு. ஒரு விரக்கடை ஆழம்தான்டி குறைஞ்சிருக்கு, அதுக்குள்ளதான் எல்லாமே போச்சுன்னு அங்கயே உட்கார்ந்து அழுதேன். கம்பியை மாட்டி என் முழு பாரத்தையும் போட்டுத் தொங்கிப் பார்த்தேன், ஒரு நூல் அசையலை. அப்பாகிட்ட வந்து, இப்போ நல்லா உறுதியா இருக்குங்கன்னு சொன்னேன். யாருக்குன்னு கேட்டுட்டு முகத்தைத் திருப்பிக்கிட்டார். அதுல இப்போ என் ஈரத்துண்டுதான் காயுது.

குழந்தைக்கு என் முத்தம். உங்க மூணு பேருக்கும் ஒரு குறையும் வராம இருக்கணும், எனக்கு வேற வேண்டுதல் இல்ல. மறக்காம சித்தப்பாவுக்கு ஒரு போன் போடு, கம்பிப் பேச்சை எடுக்காதே, சாப்பிட்டீங்களான்னு மட்டும் கேளு.

உன்னையே நினைச்சுக்கிட்டிருக்கிற,
அம்மா