பட்டியலில் விட்டுப்போன ஒரு வரி

என் செல்ல மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியம்தானே? இங்கே நானும் உன் தம்பியும் நன்றாக இருக்கிறோம், என் கழுத்துவலியும் நன்றாகவே இருக்கிறது. அடியே, விஷயம் தெரியுமா? போதை மருந்தைத் தடுக்க நாடுகளெல்லாம் சேர்ந்து ஒப்பந்தம் போடப்போகிறோம் என்று ஏழு வருஷமாக இழுத்தடித்தார்களே, அது நேற்றுக் கையெழுத்தாகிவிட்டது! கடைசி இரண்டு நாள் தாமதத்துக்குக் காரணம் யார் தெரியுமா? உன் அம்மா! சிரிக்காதே, முழுதும் படி. யார் பெயர் முதலில், யார் கொடி நடுவில் என்று இவர்கள் முறுக்கிக்கொண்டதில், எங்கள் அச்சகத்தில் அந்த ஒப்பந்தத்தை நான் ஒன்பது தடவை பிழை பார்த்தாயிற்று. ஒரு மந்திரி, தன் நாற்காலியைப் பின்னால் போட்டார்கள் என்று கோபித்துக்கொண்டு விமானம் ஏறிவிட்டாராம், உன் கல்யாணத்தில் பெரியப்பா சாப்பிடாமல் கிளம்பியது மாதிரி. ஒருவழியாகச் சமாதானமாகித் திங்கட்கிழமை மாலை கையெழுத்து என்றார்கள். காலையில் கடைசிப் பிரதியை எடுத்து, தடை செய்யும் மருந்துகளின் பட்டியலை விரல் வைத்து எண்ணுகிறேன், மூலத்தில் நாற்பத்திரண்டு, நம் மொழியில் நாற்பத்தொன்று. விட்டுப்போனது எது தெரியுமா? உன் தம்பியை உருக்குலைத்ததே, அதே வெள்ளை மாத்திரை. பிரதியை எடுத்துக்கொண்டு ஓடிப்போய்ச் சொன்னேன். நாங்கள் 'அவசரம்' என்று பட்டப்பெயர் வைத்திருக்கும் மேலாளர், ஏம்மா, ஒத்தை வரிக்காக உலகத்தையே நிறுத்தச் சொல்றீங்களா, அப்புறம் பாத்துக்கலாம், கையெழுத்தைப் போடுங்க என்று குதித்தார். சரிபார்த்தவள் கையெழுத்து இல்லாமல் பிரதி வாசல் தாண்டாது. போட மாட்டேன் சார், என்ன வேணா பண்ணிக்கோங்க என்று பேனாவை மூடி வைத்துவிட்டேன். என் வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன். எல்லா மொழிப் பிரதிகளையும் திரும்ப ஒப்பிட்டுப் பார்த்து வரியைச் சேர்க்க இரண்டு நாள் ஆயிற்று. நேற்று அதே அவசரம் எழுந்து நின்று எனக்குக் கை கொடுத்தார்!

கையெழுத்துப் போடுவதைத் தொலைக்காட்சியில் நானும் உன் தம்பியும் சேர்ந்து பார்த்தோம். சைக்கிள் கடையிலிருந்து கையிலிருந்த கிரீஸைக்கூடத் துடைக்காமல் வந்திருந்தான். அந்த மாத்திரையைத் தொடாமல் பதினாலு மாசம் ஆகிறது அவனுக்கு. நான் வரியைப் பற்றிச் சொன்னதும், அக்காகிட்ட சொன்னியாம்மா என்று மட்டும் கேட்டான். உன் கல்யாணத்தன்று அத்தனை பேர் முன்னால் போதையில் விழுந்து உன்னைத் தலைகுனிய வைத்தது தப்புதான், இல்லை என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் மூன்று வருஷமாயிற்றே கண்ணு. அத்தனை நாடுகளும் வீம்பை விட்டுவிட்டன, நீ மட்டும் இன்னும் என்னடி?

இரண்டு பேரும் நூறு வருஷம் நன்றாக இருங்கள், வேளைக்குச் சாப்பிடு. ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு விடுமுறை, ஒரு போன் பண்ணு. பழைய நம்பர்தான். நீ கூப்பிட்டால் வரவேண்டுமே என்று அவன் அதை மாற்றவே இல்லை.

பிடிவாதக்காரி,
உன் அம்மா